நான் போகாத மாநாடு

(வானொலி இலக்கியத் தொடரில் நிகழ்த்தப்பட்ட பேச்சின் எழுத்து வடிவம்)



இலக்கியத் தொடரிலே ஒரு தமிழாசிரியன் பேச வந்தால், சங்கச் செய்யுள் ஒன்றையோ கம்பனில் ஒரு காட்சியையோ எடுத்துக்கொள்வான் என்றுதான் எதிர்பார்ப்பீர்கள். நானும் அப்படித்தான் ஆயத்தம் செய்திருந்தேன். எழுதிவைத்த தாள்களை ஒரு பக்கம் ஒதுக்கிவிட்டு, இன்று ஒரு மாநாட்டைப் பற்றிப் பேசலாம் என்று நினைக்கிறேன். 2016ஆம் ஆண்டு மே மாதக் கடைசியில் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் நடந்த மாநாடு அது. உளவியல் விஞ்ஞானச் சங்கம் என்ற அமைப்பு ஆண்டுதோறும் கூட்டும் பெருங்கூட்டத்தின் 28ஆவது அமர்வு.

அந்த மாநாட்டுக்கு நான் போகவில்லை. பெருக்கமரமும் கழுதைகளும் உள்ள எங்கள் மன்னார்த் தீவில், வீட்டு விறாந்தையில்தான் இருந்தேன். ஆனால் நான் செய்த பிழையொன்று அங்கே போயிருந்தது. அதைக் கொண்டுபோனவள் என்னுடைய மாணவி.

அந்தப் பிள்ளை பேசாலைக் கரையில் வளர்ந்தவள். என்னிடம் உயர்தர வகுப்பில் தமிழ் படித்தாள். 2011இல் பெற்றோருடன் ரொறன்ரோவுக்குப் போய், அங்கே பல்கலைக்கழகத்தில் உளவியல் பயின்றாள். மாணவருக்குக் கட்டணம் குறைவு என்று அறிந்து, தோழிகள் இருவரோடு இரவு பஸ் ஏறிச் சிக்காகோ போயிருக்கிறாள். கட்டுரை வாசிக்கப் போகவில்லை, கேட்கத்தான் போனாள். அங்கிருந்த மூன்று நாளும் எனக்கு நீண்ட நீண்ட மின்னஞ்சல்கள் எழுதினாள். வகுப்பில் கட்டுரை எழுதச் சொன்னால் அரைப்பக்கத்தோடு பேனையை மூடிவிடுகிற பிள்ளை அவள் என்பதையும் சொல்லிவைக்கிறேன்.

மாநாட்டு மண்டபத்தை அவள் வர்ணித்த விதம் எனக்குப் பிடித்திருந்தது. பெரிய மண்டபங்களில் பேருரைகள் நடக்கும். அவற்றுக்குப் பக்கத்தில் நீண்ட கூடம் ஒன்றில் வரிசை வரிசையாகப் பலகைகள். ஒவ்வொரு பலகையிலும் ஒருவர் தம் ஆய்வைப் பெரிய தாளில் அச்சிட்டு ஒட்டிவிட்டு, அதற்கு முன்னால் நிற்பார். வருகிறவர் நின்று பார்ப்பார், கேள்வி கேட்பார், தலையாட்டிவிட்டுப் போவார். குறித்த நேரம் முடிந்ததும் அந்தத் தாள்களை உரித்துச் சுருட்டிக்கொண்டு போக, அடுத்த தொகுதியினர் வந்து ஒட்டுவார்கள். "மடுத் திருவிழாக் கடைவீதி மாதிரிக் கிடக்குது சேர். வித்தியாசம் என்னவெண்டால், இஞ்ச கடைக்காரர் விளங்கப்படுத்தினம், வாங்க வந்தவை குறை சொல்லினம்" என்று எழுதியிருந்தாள்.

இந்தச் சங்கம் பிறந்த கதை தமிழருக்கு விளங்காத கதையல்ல. அமெரிக்காவில் உளவியலாளருக்கு 1892இலேயே ஒரு கழகம் உண்டு. ஸ்ரான்லி ஹோல் என்பவர் அதன் முதற்தலைவர். காலப்போக்கில் அதிலே நோயாளரைப் பார்க்கும் உளவியலாளரின் தொகை பெருகிவிட்டது. ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறவர்கள் தங்கள் குரல் எடுபடவில்லை என்று மனக்குறைப்பட்டார்கள். 1988இல் பிரிந்துபோய்த் தனிச்சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டு வேர்ஜினியா மாநிலத்து அலெக்சாந்திரியாவில் முதல் மாநாடு. 2006இலேதான் பெயரிலிருந்து 'அமெரிக்க' என்ற அடையை எடுத்துவிட்டு, விஞ்ஞானம் என்ற சொல்லைச் சேர்த்துக்கொண்டார்கள். ஒரு சங்கம் இரண்டாகிற விடயத்தில் நாங்கள் அவர்களுக்குப் பாடமே நடத்தலாம்.

சிக்காகோ என்றதும் இந்துக் கல்லூரி ஆசிரியனொருவனுக்கு முதலில் நினைவு வருவது 1893ஆம் ஆண்டும் விவேகானந்தரும்தான். அதே ஆண்டு, அதே நகரில், அதே உலகப் பொருட்காட்சியை ஒட்டி இன்னொன்றும் நடந்தது என்பது பலருக்குத் தெரியாது. ஜோசப் ஜாஸ்ட்ரோ என்ற உளவியலாளர் பொருட்காட்சியில் ஓர் ஆய்வுகூடத்தையே திறந்து வைத்திருந்தார். வேடிக்கை பார்க்க வந்த சனம் உள்ளே போய்த் தங்கள் பார்வையையும் தொடுகையையும் ஞாபகசக்தியையும் அளந்து பார்த்துக்கொள்ளலாம். ஒரு பக்கம் ஆன்மாவைப் பற்றிய பேச்சு, மறுபக்கம் மனத்தை அளக்கும் கருவி. விவேகானந்தர் அந்தக் கூடத்துக்குள் எட்டிப் பார்த்தாரோ இல்லையோ, அமெரிக்க உளவியலின் மூத்தவரான வில்லியம் ஜேம்ஸ் பின்னாளில் அவரைச் சந்தித்தார். 1902இல் வெளியான தம் நூலில் அவர் பெயரையும் எடுத்துச் சொன்னார். 1897 தை மாதம் விவேகானந்தர் கொழும்பு, யாழ்ப்பாணம் வழியாக வந்து பாம்பனில் கரையேறியது எங்கள் கடலைத் தாண்டித்தான். இது இன்றைய விடயத்துக்குத் தேவையில்லாத கதை. ஆனால் மன்னாரில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

மாணவியின் மின்னஞ்சல்களில் என்னை அதிகம் யோசிக்க வைத்தவை இரண்டு.

ஒன்று, அந்தத் துறையினர் தங்கள் பிழைகளைத் தாங்களே எண்ணிப் பார்த்த கதை. 2015இல் ஒரு பெரிய ஆய்வாளர் குழு, பெயர்பெற்ற உளவியல் சஞ்சிகைகளில் வந்த 100 ஆய்வுகளை எடுத்துத் திரும்பச் செய்து பார்த்தது. மூல ஆய்வுகளில் நூற்றுக்கு 97 உறுதியான முடிவு தந்ததாக எழுதப்பட்டிருந்தவை. திரும்பச் செய்தபோது நூற்றுக்கு 36 மட்டுமே அப்படி வந்தன. விஞ்ஞானம் என்று பெயரில் எழுதிக்கொண்டவர்களுக்கு இது எவ்வளவு அவமானம் என்று நான் நினைத்தேன். மாணவி அப்படி நினைக்கவில்லை. "பிழையெண்டு சொல்லுறவைக்குத்தான் சேர் கை தட்டுகினம்" என்று எழுதினாள். எங்கள் இலக்கிய அரங்குகளில், நான் முன்பு சொன்ன காலக்கணிப்புப் பிழை என்று எழுந்து சொன்ன ஒருவரை இத்தனை ஆண்டில் நான் கண்டதில்லை. என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மற்றது, யாருடைய மனத்தை அவர்கள் ஆராய்ந்தார்கள் என்ற கேள்வி. 2010இல் ஹென்றிக், ஹைன், நொரென்சயான் என்ற மூவர் எழுதிய கட்டுரையொன்று இதைக் கிளப்பிவிட்டது. உளவியல் ஆய்வுகளில் கலந்துகொண்டோரில் நூற்றுக்கு 96 பேர், உலக சனத்தொகையில் நூற்றுக்கு 12 மட்டுமே வாழும் நாடுகளைச் சேர்ந்தவர்கள் என்றார்கள். அவர்களிலும் பெரும்பங்கு பல்கலைக்கழக மாணவர். நீளம் சமனான இரண்டு கோடுகளை வரைந்து, ஒன்றின் நுனிகளில் உள்நோக்கிய அம்புத்தலையும் மற்றதில் வெளிநோக்கியதும் போட்டால், ஒன்று நீளமாகத் தெரியும் என்று நாங்கள் பாடசாலையிலே படித்தோம். மனிதக் கண்ணின் இயல்பு அது என்றார்கள். 1960களிலேயே பல நாட்டுச் சனத்திடம் காட்டிப் பார்த்தபோது, ஆபிரிக்கப் பாலைநில வேட்டுவர் போன்றோருக்கு இரண்டும் ஏறத்தாழச் சமனாகவே தெரிந்தன. சதுரச் சுவரும் மூலையுமாக உள்ள வீடுகளுக்குள் வளர்ந்த கண்ணுக்குத்தான் அந்த மயக்கம் கூடுதலாக வருகிறது என்று சிலர் விளக்கம் சொன்னார்கள். ஒரு கோட்டிலேயே இவ்வளவு வித்தியாசம் என்றால், துக்கத்தில் எவ்வளவு இருக்கும்?

இந்தக் கேள்வியோடுதான் அந்தப் பிள்ளை ஒரு பலகைக்கு முன்னால் போய் நின்றிருக்கிறாள். போரிலும் அனர்த்தத்திலும் அகப்பட்டவர்களிடம் கேட்கும் வினாக்கொத்துகளைப் பல மொழிகளுக்கு மாற்றுவது பற்றிய பலகை அது. அங்கே நின்றவர், நீ எந்த மொழிக்காரி என்று கேட்டாராம். தமிழ் என்றதும், 'மற்ற மனிதரிடமிருந்து விலகிப்போனது போன்ற உணர்வு' என்ற வினாவுக்கு உன் மொழியில் என்ன சொல் என்று கேட்டிருக்கிறார். அங்கே நண்பகல். இங்கே இரவு பத்தரை மணி. என் கைத்தொலைபேசி ஒலித்தது.

"சேர், அண்டைக்கு வகுப்பில ஒரு அம்மாவின்ர கதை சொன்னியள். பற்றறுக்கேலாமக் கிடக்கிறன் எண்டு சொன்ன அம்மா. அந்தக் கேள்விக்கு நீங்கள் போட்ட தமிழ் சரிதானோ சேர்?"

வேறொன்றும் எழுதவில்லை. அந்த ஒரு வரிக் கேள்வியைப் படித்துவிட்டு நான் வெகுநேரம் உறங்கவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

2010ஆம் ஆண்டின் நடுப்பகுதி அது. மன்னார்ப் பெருநிலத்தின் மாந்தைப் பக்கத்துச் சனம், முள்ளிவாய்க்கால் வரை போய், மெனிக் பாம் முகாமில் கிடந்து, கூரையில்லாத வீடுகளுக்குத் திரும்பிக்கொண்டிருந்த காலம். அவர்களுக்கு உளவளத்துணை வழங்கவென்று வந்த ஒரு நிறுவனம், ஆங்கில வினாக்கொத்தொன்றைத் தமிழாக்கித் தரும்படி என்னிடம் கேட்டது. பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியன் என்ற பெயர் புதிதாகக் கிடைத்திருந்த காலம் எனக்கு. சந்தோசமாக ஒப்புக்கொண்டேன். நல்ல தமிழில் இருக்கவேண்டும் என்று நான்கு இரவு உட்கார்ந்து செதுக்கினேன். அந்த விலகல் பற்றிய வினாவுக்கு நான் போட்ட தமிழ் இது: 'மற்றவர்களிடம் பற்றற்று இருப்பதாக உணர்கிறீர்களா?'

அதைக் கொழும்பில் இருந்த இன்னொருவரிடம் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல் திரும்ப ஆங்கிலமாக்கச் செய்தார்கள். மொழிபெயர்ப்பைச் சோதிக்க 1970களிலிருந்து கைக்கொள்ளப்படும் முறை அது. அவர் பற்றற்று என்பதற்கு அகராதியில் உள்ள சொல்லைப் போட்டார். மூலத்திலிருந்த அதே ஆங்கிலச் சொல் அச்சொட்டாகத் திரும்பி வந்தது. எல்லோரும் என்னைப் பாராட்டினார்கள். நேயர்களே, போன சொல் திரும்பி வந்ததே தவிர, இடையில் அது எந்த வீட்டுக்குள் நுழைந்து வந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை.

சனி, ஞாயிறுகளில் நானும் அவர்களோடு கிராமங்களுக்குப் போய் வினாக்களை வாசிப்பேன். ஒரு தாயார். திருக்கேதீச்சரத்தில் பாலாவியில் தீர்த்தமாடுவதைத் தவறவிடாத சைவப் பெண். ஒரே மகன் போரின் கடைசி மாதங்களில் காணாமற் போனவன். அந்த வினாவை வாசித்தேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

"அந்தக் குடுப்பினை எனக்கு எங்க தம்பி வாய்ச்சுது? பற்றை அறுக்கேலாமத்தானே இந்த மண்ணில கிடந்து உழலுறன்."

இல்லை என்ற கூட்டில் அடையாளமிட்டேன். பூச்சியம். இப்படியே இன்னும் இரண்டு மூன்று வினாக்களுக்கும் என் செந்தமிழ் அவரைத் தடம் மாற்றியிருக்க வேண்டும். கூட்டிப் பார்த்தபோது, வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டியவர்களின் பட்டியலுக்குத் தேவையான புள்ளி அவருக்கு வரவில்லை. அவருடைய பெயர் விடுபட்டது.

நான் என்ன செய்தேன்? அந்த மறுமொழியின் அழகில் மயங்கிப்போனேன். சித்தாந்தம் படிக்காத ஒரு கிராமத்துத் தாயின் வாயில் எத்தகைய சொல் என்று வியந்தேன். வகுப்பிலே இலக்கிய நயத்துக்கு உதாரணமாக எத்தனையோ முறை சொன்னேன். அப்படிச் சொன்ன நாளொன்றில் பின்வாங்கில் இருந்து கேட்ட பிள்ளைதான் ஆறு ஆண்டு கழித்துச் சிக்காகோவில் அந்தப் பலகைக்கு முன் நின்றது.

எங்கள் மரபில் பற்றறுதல் என்பது பேறு. வேண்டித் தவம் கிடந்து பெறுவது. அந்த வினா கேட்பதோ ஒரு காயத்தை. காயத்தின் பெயருக்குப் பதிலாக முத்தியின் பெயரைக் கொண்டுபோய் ஒரு தாயிடம் நீட்டியிருக்கிறேன்.

அந்தக் கிழமைச் சனிக்கிழமை மோட்டார் சைக்கிளில் பாலம் தாண்டி, தள்ளாடி வழியாக அந்தக் கிராமத்துக்குப் போனேன். கையில் தாள் கொண்டுபோகவில்லை. தாயார் இருந்தார். வீட்டுக்குக் கூரை வந்திருந்தது. தேத்தண்ணி தந்தார். அயலட்டையில் போய்க் கதைக்கிறனீங்களோ அம்மா என்று மட்டும் கேட்டேன்.

"போறனான் தம்பி. கலியாணவீடு, செத்தவீடு எல்லாம் போறனான். ஆனா ஒருத்தரோடயும் ஒட்டேல்ல. சனத்துக்க இருந்தாலும் தனியக் கிடக்கிற மாதிரி. ஆரோ ஆற்றையோ வீட்டில இருக்கிற மாதிரி."

ஒட்டேல்ல. நான்கு இரவு நான் தேடிய சொல் இதுதான். எங்கள் வீட்டுக் குசினியிலும் கிடந்த சொல்.

அன்று மத்தியானம் அவர் சமைத்ததில் ஒரு கோப்பை சோறு தனியே மூடி வைக்கப்பட்டிருந்ததைக் கண்டேன். கேட்கவில்லை. பின்னேரம் அது நாய்க்குப் போகும் என்று அவரே சொன்னார். ஏழாவது ஆண்டாக.

இறந்தார் என்று அழவும் முடியாமல், இருக்கிறார் என்று ஆறவும் முடியாமல் நிற்கும் இந்த நிலைக்கு, போலின் பொஸ் என்ற அமெரிக்க அறிஞர் ஒரு பெயர் கொடுத்திருக்கிறார். தெளிவற்ற இழப்பு என்று தமிழில் சொல்லலாம். 1999இல் அதைப் பற்றி நூலே எழுதினார். மன்னாரில் அந்த இழப்பின் முகத்தைப் பார்ப்பதற்கு நூல் வேண்டியதில்லை. 2018இல் நகரின் சதொசக் கட்டிட வளவில் மனித எலும்புகள் வெளிப்பட்டு, தோண்டத் தோண்ட 300க்கும் மேற்பட்டோரின் எச்சங்கள் கிடைத்தபோது, காணாமற் போனோரின் தாய்மார் அந்த வேலிக்கு வெளியே வந்து நின்றார்கள். அடுத்த ஆண்டு வந்த காபன் காலக்கணிப்பு, அவை பல நூற்றாண்டு பழையவை என்றது. அந்த முடிவைப் பற்றிய வாதம் ஓயவில்லை. வேலிக்கு வெளியே நின்றவர்கள் எதை விரும்பி நின்றார்கள் என்பதை எந்த வினாக்கொத்திலும் கேட்க முடியுமென்று எனக்குத் தோன்றவில்லை.

சொற்களுக்கு வருகிறேன். அதுதானே என் தொழில். எங்கள் நாட்டுத் தமிழில் இந்தத் துறைக்கென்று நல்ல சொற்கள் உருவாகியிருக்கின்றன. நெருக்கீடு, பதகளிப்பு, உளவளத்துணை, சீர்மியம் என்பவை தமிழ்நாட்டு நண்பர்களுக்குச் சட்டென்று விளங்காதவை. போரின் நடுவிலே வைத்தியர்களும் ஆசிரியர்களும் சேர்ந்து புழக்கத்துக்குக் கொண்டுவந்தவை. யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரத்தின் தமிழ் நூலொன்றுக்கு 'மனவடு' என்றே பெயர். என்ன பொருத்தம் பாருங்கள். புண் ஆறும், வடு கிடக்கும். வள்ளுவர் இரண்டையும் பிரித்துக் காட்டிய குறள் உங்களுக்குத் தெரியும். பதகளிப்பு என்பதும் அகராதியிலிருந்து எடுத்து ஒட்டிய சொல்லல்ல. பிள்ளை பள்ளியால் வரப் பிந்தினால் தாய் பதகளிக்கிறாள். போர் முடிந்த சில மாதங்களில் யாழ். மாவட்டத்தில் நடத்தி 2011இல் வெளியிட்ட ஆய்வொன்றில், மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோய்க்குரிய அறிகுறிகள் நூற்றுக்கு 7 பேரிடமும், மனச்சோர்வு 22.2 பேரிடமும், பதகளிப்பு 32.6 பேரிடமும் காணப்பட்டன. உலகம் முழுவதும் பேசுகிற நோய் நூற்றுக்கு ஏழு. எங்கள் தாய்மாரின் வாயிலே கிடந்த சொல் நூற்றுக்கு முப்பதைத் தாண்டியது.

இன்னொரு ஆய்வு எங்கள் மாவட்டத்துக்கு இன்னும் கிட்டியது. 1990 ஒக்டோபர் கடைசியில் வடக்கு முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். அப்போது எனக்கு வயது பதினொன்று. எருக்கலம்பிட்டியிலிருந்தும் மன்னார் நகரிலிருந்தும் சனம் வள்ளங்களில் கற்பிட்டிப் பக்கம் போனது. என் வாங்கில் எனக்குப் பக்கத்தில் இருந்தவனும் போனான். அவனுடைய அடிமட்டம் என்னிடம் இருந்தது. திருப்பிக் கொடுக்க ஆளில்லை. அப்படிப் போய்ப் புத்தளத்தில் இருபது ஆண்டுக்கு மேல் வாழ்ந்தவர்களைப் பற்றி, செஸ்மல் சிறிவர்தனவும் கூட்டாளிகளும் 2013இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். 450 பேரை விசாரித்ததில், பொதுவான உளநோய்களில் ஏதேனும் ஒன்று நூற்றுக்கு 18.8 பேரிடம் இருந்தது. அதிலே பெரும்பங்கு, நூற்றுக்கு 14, உடம்பின் நோவாக வெளிப்பட்ட நோய். தலை விறைப்பு, நெஞ்சு எரிவு, மேல் முழுக்க உளைவு. தேடிப் பார்த்தால் உடலில் காரணம் தெரியாது. மனவடுவின் பின்னான நெருக்கீட்டு நோயோ நூற்றுக்கு 2.4தான். சில ஆண்டு கழித்து அதே குழு திரும்பிப் பார்த்தபோது, புத்தளத்தில் இருந்தவர்களிடம் அந்த 18.8 பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. மன்னாருக்கு மீண்டவர்களையும் அப்போது விசாரித்தார்கள். என் வாங்குத் தோழன் அவர்களில் ஒருவனா என்று அறியேன்.

உடம்பின் நோவு என்ற இடத்தில்தான் ஒரு தமிழாசிரியன் வாய் திறக்க வேண்டும். மேல்நாட்டு நூல்களில் இதை, துக்கத்தைச் சொல்லத் தெரியாதவர்கள் உடம்பைச் சொல்கிறார்கள் என்று எழுதியிருந்த காலமும் உண்டு. தொல்காப்பியத்தில் மெய்ப்பாட்டியல் என்று ஓர் இயலே இருக்கிறது. மனத்தில் எழுவது மெய்யிலே தோன்றுவது மெய்ப்பாடு. சிரிப்பு, அழுகை, அச்சம், வெகுளி முதலாக எட்டு வகுத்து, ஒவ்வொன்றும் எதனால் பிறக்கும் என்று நான்கு நான்கு காரணமும் சொல்லியிருக்கிறது. அழுகைக்குச் சொன்ன காரணங்களில் பிறர் எளிதாக எண்ணுவதும், இழப்பும், நிலை தாழ்வதும், வறுமையும் அடங்குகின்றன. அகதிமுகாம் ஒன்றை இதைவிடச் சுருக்கமாக யாராலும் எழுத முடியாது. அச்சத்துக்குச் சொன்ன நான்கில் கள்வரும் அரசரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். அதைப் பற்றி வானொலியில் மேலும் விரிக்காமல் விடுகிறேன். நான் சொல்ல வந்தது, உடம்பைச் சொல்வது சொல்லத் தெரியாமையல்ல என்பதே. பெருமூச்சு என்ற ஒரு சொல்லில் மூச்சும் இருக்கிறது, துயரும் இருக்கிறது. எது உடல், எது உளம் என்று அந்தத் தாயிடம் கேட்டால் என்னைத்தான் வைத்தியரிடம் போகச் சொல்வார்.

இந்த வாதம் முழுவதும் சரி என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். மெய்ப்பாட்டியல் செய்யுளுக்கு இலக்கணம், நோய்க்கு அல்ல. பழம்பெருமையை எடுத்து எல்லா விஞ்ஞானத்துக்கும் முன்னால் நிறுத்தும் வழக்கமும் எனக்கு உடன்பாடில்லை. பற்றற்று என்ற சொல்லிலே என்னைத் தடுக்கி விழுத்தியதும் அந்தப் பழைய நூல்களில் எனக்கிருந்த மயக்கம்தான். மன்னார் நகரில் கழுதைகளுக்கென்று ஒரு வைத்திய நிலையம் வந்து, விசேட தேவையுள்ள பிள்ளைகளை அங்கே கழுதைகளோடு பழகவிட்டபோது நாங்கள் பலர் சிரித்தோம். பிள்ளையின் முகம் மலர்ந்ததைப் பார்த்தவர்கள் சிரிக்கவில்லை. எந்த வழியால் ஆறுதல் வரும் என்று தமிழ் படித்தவனுக்கு மட்டும் தெரிந்துவிடாது.

அந்த இரவு மாணவிக்கு மறுமொழியாக, நான் போட்ட தமிழ் பிழை, சரியான சொல்லைத் தேடித் தருகிறேன் என்றுதான் எழுதினேன். சனிக்கிழமை இரவு ஒட்டேல்ல என்ற சொல்லை அனுப்பினேன். ஞாயிறு காலை அவள் பஸ் ஏறுவதற்கு முன், அந்தப் பலகைக்காரரைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டாளாம். பசை ஒட்டுவது, பிள்ளை மடியில் ஒட்டுவது, சனத்தோடு ஒட்டுவது எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்று கையால் காட்டி விளங்கப்படுத்தினாளாம். அவர் ஒரு துண்டுத் தாளில் அதை ஆங்கில எழுத்தில் எழுதிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். அவர் அதை என்ன செய்தார் என்று தெரியாது.

எனக்கு வினாக்கொத்தைத் தந்த நிறுவனம் அதற்கு முன்பே வேலை முடிந்து போய்விட்டது. அந்தப் பட்டியலைத் திருத்துவதற்கு எவரும் இல்லை. வைத்தியசாலையில் உளநலப் பணியில் இருந்த ஒருவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைக் குறை சொல்லவில்லை. அடுத்த மாதத்திலிருந்து அந்தத் தாயாரின் வீட்டுக்கு ஒரு பெண் உத்தியோகத்தர் போய்வரத் தொடங்கினார். அதே நிலையிலுள்ள நான்கைந்து தாய்மாரை அவர் ஒரு வீட்டில் கூட்டி இருத்திக் கதைக்கவைத்தார். கோப்பையில் சோறு மூடி வைப்பது நின்றதா என்று கேட்டேன். நிற்கவில்லை, அதை நிறுத்துவது எங்கள் வேலையுமல்ல என்றார் அவர்.

பிறகு ஒருநாள் நான் போனபோது, தாயாரிடம் சிக்காகோ மாநாட்டைப் பற்றிச் சொன்னேன். வகுப்பில் அவருடைய சொல்லைச் சொல்லித் திரிந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அதை அவர் பெரிதாக எடுத்ததாகத் தெரியவில்லை. மாநாடுதான் அவருக்கு வேடிக்கையாக இருந்தது.

"மனசைப் பற்றிக் கதைக்க ஆயிரக்கணக்கில சனம் போறவையோ? ஒவ்வொரு வருசமுமோ?"

"ஓம் அம்மா."

"அங்க என்ர பேரையும் சொன்னவவோ அந்தப் பிள்ளை?"

"பேர் சொல்லேல்ல. நீங்கள் சொன்ன சொல்லைச் சொன்னவ. ஒட்டேல்ல எண்டு."

அவர் சற்று யோசித்தார்.

"அது இஞ்ச எல்லாரும் சொல்லுறதுதானே தம்பி" என்றார். பிறகு எழுந்து, "இருங்கோ, கருவாடு கொஞ்சம் சுத்தித் தாறன், வீட்ட கொண்டு போங்கோ" என்று உள்ளே போனார்.